ஈஆர்ஜி புரதச் சோதனை: மரபணு இணைவிலிருந்து பயாப்சி ரிப்போர்ட் வரை ஒரு முழு வழிகாட்டி

புராஸ்டேட் பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில் சில நேரம் "ஈஆர்ஜி: பாசிட்டிவ்" அல்லது "ஈஆர்ஜி: நெகட்டிவ்" என்று ஒரு வரி இருக்கும். ஈஆர்ஜி (ERG) என்ற புரதம் அந்தத் திசுவின் சுரப்பிச் செல்களில் தெரிந்ததா இல்லையா என்பதைச் சொல்லும் வரி அது. பாசிட்டிவ் என்றால் வீரியமான புற்று என்று பயந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். நெகட்டிவ் என்றால் புற்றே இல்லை என்று நிம்மதி அடைகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தவறு. தவறான நிம்மதியில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அந்த நிம்மதியில் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

ஆய்வகத்தில் வேலை கற்றுக்கொள்பவர்கள், உயிரித் தொழில்நுட்ப மாணவர்கள், அப்பாவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடும் பிள்ளைகள் ஆகிய மூன்று தரப்பையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்கிறார்கள், முடிவை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். சிகிச்சை முடிவு உங்கள் யூராலஜிஸ்ட்டும் புற்றுநோய் மருத்துவரும் எடுக்க வேண்டியது. அவர்களிடம் சரியான கேள்வி கேட்க இது உதவும்.

படி 1: உடைந்து ஒட்டிக்கொண்ட இரண்டு மரபணுக்கள்

21-ஆம் குரோமோசோமில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2, ஈஆர்ஜி என்று இரண்டு மரபணுக்கள் உள்ளன. இரண்டுக்கும் நடுவே சுமார் 30 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் இடைவெளி.

டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற பெயரைக் கொரோனா காலத்தில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். வைரஸின் ஸ்பைக் புரதத்தை வெட்டி, அது செல்லுக்குள் நுழைய உதவுவதும் இந்த மரபணு தரும் நொதிதான். புராஸ்டேட்டில் இது ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோனின் கட்டளைக்கு இயங்குகிறது. ஹார்மோன் இருக்கும்வரை இந்த மரபணுவும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஈஆர்ஜியின் வேலை வேறு. மற்ற மரபணுக்களை இயக்குவதும் நிறுத்துவதும்தான் அதன் பணி. ரத்த நாளங்களின் உள்சுவர்ச் செல்களிலும் ரத்தம் உருவாக்கும் செல்களிலும் அது தேவைப்படுகிறது. ஆரோக்கியமான புராஸ்டேட் சுரப்பிச் செல்களில் அது ஏறக்குறைய இருப்பதே இல்லை.

பல புராஸ்டேட் புற்றுகளில், புற்றாக மாறும் செல்லில் இந்த இரண்டும் உடைந்து ஒட்டிக்கொள்கின்றன. பல நேரம் நடுவில் உள்ள அந்த 30 லட்சம் எழுத்துகள் அப்படியே தொலைந்துபோகின்றன. சில நேரம் அந்தத் துண்டு வேறு இடத்தில் போய்ச் செருகிக்கொள்கிறது. இதிலும் ஆண்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. ஆண்ட்ரோஜன் ஏற்பி டிஎன்ஏ இழையை வளைத்து இரண்டு மரபணுக்களையும் அருகருகே கொண்டுவருகிறது. அந்த நேரத்தில் டோப்போஐசோமெரேஸ் 2பி என்ற நொதி போடும் வெட்டு சரியாக மூடப்படாவிட்டால், தவறான முனைகள் சேர்ந்துவிடுகின்றன.

இதைக் கண்டுபிடித்தது 2005-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், அருள் சின்னையன் தலைமையிலான குழு. ஸ்காட் டாம்லின்ஸ் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர். அவர்கள் தேடிய விதம் எனக்கு இன்றும் பிடித்தமானது. அதுவரை பலரும் நோயாளிகளின் சராசரியையும் ஆரோக்கியமானவர்களின் சராசரியையும் ஒப்பிட்டு வந்தார்கள். ஒரு மரபணு சில நோயாளிகளில் மட்டும் மிக அதிகமாக உயர்ந்து, மற்றவர்களில் அடங்கியிருந்தால், சராசரியில் அது கரைந்துவிடும். இவர்கள் அந்தச் சிலரைத் தனியாகப் பிடிக்கும் கணக்கு முறையை உருவாக்கினார்கள். பட்டியலில் ஈஆர்ஜியும் ஈடிவி1 என்ற அதன் உறவு மரபணுவும் மேலே வந்தன. ஏன் இவ்வளவு உயர்கின்றன என்று அவற்றின் ஆர்என்ஏவின் முன்முனையைப் படித்துப் பார்த்தால், அங்கே டிஎம்பிஆர்எஸ்எஸ்2-இன் தொடக்கம் ஒட்டியிருந்தது. மரபணு இணைவு என்பது ரத்தப் புற்றுக்கும், சார்கோமா எனும் எலும்பு, தசை போன்ற திசுக்களின் புற்றுகளுக்கும் உரியது என்ற எண்ணம் வலுவாக இருந்த காலம் அது. பரவலாகக் காணப்படும் ஓர் உறுப்புப் புற்றிலும் அது இவ்வளவு அதிகம் என்று தெரிந்தது பெரிய திருப்பம்.

படி 2: உருவாகும் புரதம் எது

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் மற்ற எல்லாம் குழம்பும். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மரபணு இணைவு என்றதும் பாதி ஒரு புரதம், பாதி இன்னொரு புரதம் என்ற கலப்புப் புரதத்தைத்தான் பலரும் நினைப்பார்கள். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றில் வரும் பிசிஆர்-ஏபிஎல் அப்படிப்பட்டது. அந்தக் கலப்புப் புரதத்தைக் குறிவைத்துத்தான் இமாட்டினிப் மாத்திரை வந்தது.

புராஸ்டேட்டில் நடப்பது வேறு. மிகுதியாகக் காணப்படும் வடிவத்தில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2-இன் முதல் எக்ஸான் (மரபணுவின் செய்தியில் இடம்பெறும் துண்டுகளில் ஒன்று), ஈஆர்ஜியின் நான்காம் எக்ஸானோடு சேர்கிறது. அந்த முதல் எக்ஸானில் புரதத்துக்கான செய்தியே கிடையாது. அதனால் புரதம் ஈஆர்ஜிக்குள் இருக்கும் வேறொரு தொடக்கப் புள்ளியிலிருந்து உருவாகிறது. கிடைப்பது முன்பக்கம் கொஞ்சம் குறைந்த ஈஆர்ஜி. டிஎம்பிஆர்எஸ்எஸ்2-இன் ஒரு அமினோ அமிலம்கூட அதில் இருக்காது. இரண்டாம் எக்ஸானும் சேர்ந்து வரும் வடிவத்தில் மட்டும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2-இன் முதல் ஐந்து அமினோ அமிலங்கள் முன்னால் ஒட்டியிருக்கும்.

வயல் மோட்டாரின் வயரைக் கழற்றி, இரவு பகலாக எரியும் தெருவிளக்கின் இணைப்பில் மாட்டியது போன்ற நிலை இது. மோட்டார் பழைய மோட்டார்தான், மின்சாரம் வரும் வழி மட்டும் மாறிவிட்டது.

இதன் பலன் என்ன? "இணைவுப் புரதத்தை" மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் மூலக்கூறு) என்று ஒன்றைத் தேடுவதில் பெரிதாகப் பயனில்லை. இருக்கக்கூடாத செல்லில் ஈஆர்ஜி புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆய்வகத்தில் செய்வதும் அதைத்தான். இதில் இன்னொரு வசதியும் உண்டு. சில கட்டிகளில் ஈஆர்ஜியோடு சேர்வது டிஎம்பிஆர்எஸ்எஸ்2 ஆக இல்லாமல் எஸ்எல்சி45ஏ3 அல்லது என்டிஆர்ஜி1 ஆக இருக்கும். துணை யாராக இருந்தாலும் கடைசியில் பெருகுவது ஈஆர்ஜி புரதம்தான் என்பதால் புரதச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும்.

படி 3: இந்தச் சோதனை எந்த இடத்தில் வருகிறது

இது முதல் சோதனை இல்லை. முதலில் ரத்தத்தில் பிஎஸ்ஏ, மருத்துவரின் விரல் பரிசோதனை, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, அதன்பிறகு பயாப்சி. பிஎஸ்ஏவும் புரதம்தான். ஆனால் அது புராஸ்டேட்டின் அடையாளம், புற்றின் அடையாளம் அல்ல. வயதாக ஆகச் சுரப்பி பெருத்தாலும், கிருமித் தொற்று வந்தாலும் அது ஏறும். குறிப்பாக மில்லிலிட்டருக்கு 4 முதல் 10 நானோகிராம் வரையிலான எல்லையில் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் ஈஆர்ஜியையும் ரத்தத்திலேயே பார்க்கக்கூடாதா என்று கேட்கலாம். பிஎஸ்ஏ செல் வெளியே சுரந்து தள்ளும் புரதம். ஈஆர்ஜி உட்கருவுக்குள் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புரதம். அது தானாக ரத்தத்துக்கு வருவதில்லை. அதனால்தான் இந்தச் சோதனைக்குத் திசு வேண்டியிருக்கிறது.

படி 4: திசுவைக் கெடுக்காமல் காப்பது

ஊசியில் வரும் பயாப்சித் துண்டு நூலைப் போல மெல்லியது. எடுத்தவுடன் 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போட வேண்டும். குறைந்தது 6 மணி நேரமாவது ஊற வேண்டும். அவசரப்பட்டுச் சீக்கிரம் எடுத்தால் புரதம் சரியாக நிலைக்காது. வார விடுமுறையில் மறந்து பல நாள் விட்டால் ஆன்டிபாடி போய் ஒட்ட வேண்டிய இடங்கள் மறைந்துபோகும்.

எலும்புக்குப் பரவிய கட்டியிலிருந்து எடுத்த துண்டு என்றால் கூடுதல் கவனம் தேவை. சுண்ணாம்பை நீக்க வலுவான அமிலம் பயன்படுத்தினால் டிஎன்ஏ சிதைந்துவிடும், புரதமும் பாதிக்கப்படலாம். அமிலத்துக்குப் பதில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருளால் சுண்ணாம்பை நீக்கும் முறை மெதுவானது, ஆனால் பின்னால் மரபணுச் சோதனை செய்ய வாய்ப்பை விட்டுவைக்கும்.

படி 5: நிறமேற்றுவது

திசுவை மெழுகில் பதித்த பாராஃபின் பிளாக்கிலிருந்து சுமார் 4 மைக்ரான் தடிமனில் சீவி, திசு நன்றாக ஒட்டிக்கொள்ளும் பூச்சுள்ள ஸ்லைடில் ஏற்றுவார்கள். மெழுகை நீக்கி, ஃபார்மலின் மூடிவைத்த இடங்களைத் திறக்க வெப்பத்தில் வைப்பார்கள். அப்புறம் ஆன்டிபாடி.

இரண்டு ஆன்டிபாடிகள் பெரும்பாலும் புழங்குகின்றன. ஒன்று இபிஆர்3864, முயலிலிருந்து வந்தது. இன்னொன்று 9எஃப்ஒய், எலியிலிருந்து வந்தது. இரண்டுமே 2010-இல் வெளியான ஆய்வுகள் வழியாகப் பரவலானவை. இபிஆர்3864-ஐ மரபணு உடைப்போடு நேரடியாக ஒப்பிட்டபோது, உடைப்பு உள்ள கட்டிகளில் 95.7 சதவீதத்தைச் சரியாகப் பிடித்தது. உடைப்பு இல்லாத கட்டிகளில் 96.5 சதவீதத்தைச் சரியாக ஒதுக்கியது. இத்தனைக்கும் சாதாரண ஐஎச்சி (ஆன்டிபாடியால் திசுவுக்கு நிறமேற்றும் முறை) வசதி உள்ள எந்த ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம் என்பதுதான் இதன் பலம். ஒரு குறிப்பு: இபிஆர்3864 ஈஆர்ஜியின் நெருங்கிய உறவான எஃப்எல்ஐ1 புரதத்திலும் ஓரளவு ஒட்டும். லிம்ஃபோசைட்டுகளில் மங்கலாக நிறம் தெரிந்தால் பதற வேண்டாம்.

படி 6: ஸ்லைடைப் படிப்பது

மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்ததும் சுரப்பிகளைத் தேடாதீர்கள். முதலில் ரத்த நாளங்களைப் பாருங்கள். அவற்றின் உள்சுவர்ச் செல்களில் ஈஆர்ஜி இயல்பாகவே உண்டு. அங்கே உட்கருக்கள் நன்றாகப் பழுப்பாகியிருந்தால் நிறமேற்றல் வேலை செய்திருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறம் இல்லையென்றால் அந்த ஸ்லைடில் "நெகட்டிவ்" என்று எழுதவே கூடாது, திரும்பச் செய்ய வேண்டும். எல்லாத் திசுவிலும் ஒப்பிட்டுப் பார்க்கும் சான்று தன்னோடே வருவது இந்தச் சோதனையின் பெரிய வரம். அதைப் பார்க்காமல் தாண்டுவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

அடுத்து, நிறம் எங்கே இருக்கிறது? உட்கருவில் இருக்க வேண்டும். சைட்டோபிளாசத்தில் பரவலாகப் பூசியது போல இருந்தால் அது கணக்கில் வராது. ஈஆர்ஜி பெரும்பாலும் "உண்டு" அல்லது "இல்லை" என்று தெளிவாகச் சொல்லும் குறியீடு. மார்பகப் புற்றில் செய்வது போல நுணுக்கமாக மதிப்பெண் போட வேண்டிய தேவை பொதுவாக வருவதில்லை.

சுரப்பிச் செல்களில் உட்கரு நிறம் தெளிவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே புற்று என்று எழுதலாமா? இன்னும் இல்லை. உயர்தர பிஐஎன் எனப்படும் புற்றுக்கு முந்தைய மாற்றத்திலும், குறிப்பாகப் புற்றை ஒட்டியிருக்கும் பகுதிகளில், ஈஆர்ஜி பாசிட்டிவ் ஆகலாம். இரண்டையும் பிரிப்பது அடித்தளச் செல்கள். ஆரோக்கியமான சுரப்பியிலும் பிஐஎன்னிலும் சுரப்பியைச் சுற்றி அடித்தளச் செல்கள் இருக்கும், ஊடுருவும் புற்றில் இருக்காது. அதனால்தான் பி63, ஏஎம்ஏசிஆர் இரண்டையும் ஈஆர்ஜியோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பி63 அடித்தளச் செல்களைக் காட்டும். ஏஎம்ஏசிஆர் புற்றில் பெரும்பாலும் கூடும், ஆனால் பிஐஎன்னிலும் சில தீங்கற்ற சுரப்பிகளிலும் கூடி ஏமாற்றும்.

இப்போது சேர்த்துப் படியுங்கள். பி63 இல்லை, ஈஆர்ஜி உண்டு, சுரப்பியின் வடிவமும் சந்தேகமாக இருக்கிறது என்றால் புற்று என்ற முடிவுக்கு அது மிக வலுவான ஆதாரம். நான்கைந்து சிறு சுரப்பிகள் மட்டுமே கிடைத்த பயாப்சியில், பெத்தாலஜிஸ்ட் முடிவெடுக்கத் தயங்கும் இடத்தில்தான் ஈஆர்ஜி உண்மையிலேயே கை கொடுக்கிறது. பி63 உண்டு, ஈஆர்ஜியும் உண்டு என்றால் பிஐஎன் என்று எடுத்துக்கொள்ளலாம். அதையும் லேசாக விடக்கூடாது. பயாப்சியில் உயர்தர பிஐஎன் மட்டுமே இருந்தவர்களை 3 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2014-இல் வெளியானது. ஈஆர்ஜி பாசிட்டிவ் ஆக இருந்தவர்களில் 53 சதவீதத்தினருக்கும், நெகட்டிவ் ஆக இருந்தவர்களில் 35 சதவீதத்தினருக்கும் புற்று கண்டறியப்பட்டது. அந்த 35 சதவீதத்தையும் கவனியுங்கள். நெகட்டிவ் என்றால் தப்பித்தோம் என்று நினைக்க அதில் இடமே இல்லை.

படி 7: நெகட்டிவ் முடிவைக் கையாள்வது

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் அறுவை செய்து எடுத்த புராஸ்டேட் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில்தான் ஈஆர்ஜி இணைவு இருக்கிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும், சீனா, ஜப்பான் போன்ற நாடுகளிலும் விகிதம் இன்னும் குறைவு. அதாவது புற்று இருக்கிற ஆண்களிலேயே பாதிப்பேருக்கு மேல் நெகட்டிவ் வரலாம். சிலருக்கு உடைந்தது ஈடிவி1 அல்லது ஈடிவி4 ஆக இருக்கும், சிலருக்கு இணைவே இல்லாமல் வேறு வழியில் புற்று வந்திருக்கும்.

இன்னொரு சிக்கல், ஒரே சுரப்பியில் பல இடங்களில் தனித்தனியாகப் புற்று முளைப்பது. இடப்பக்கக் கட்டி பாசிட்டிவ், வலப்பக்கக் கட்டி நெகட்டிவ் என்று இருக்கலாம். ஊசி எங்கே போனதோ அந்த இடத்தின் விடைதான் ரிப்போர்ட்டில் வரும்.

மூன்றாவது, ஹார்மோன் சிகிச்சை. படி 2-இல் சொன்ன மோட்டார் ஓடுவதே ஆண்ட்ரோஜனால். ஆண்ட்ரோஜனை அடக்கினால் இணைவு அப்படியே இருக்க, புரதம் மட்டும் குறைந்துபோகும். புராஸ்டேட்டின் ஸ்மால் செல் புற்றிலும் இப்படித்தான். அங்கே ஆண்ட்ரோஜன் ஏற்பியே வேலையை நிறுத்தியிருக்கும். மரபணுவில் உடைப்பு இருக்கும், புரதம் இருக்காது. ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருப்பவரின் திசுவை அனுப்பும்போது அந்தத் தகவலைச் சோதனைப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள்.

படி 8: சந்தேகம் இருந்தால் ஃபிஷ்

புரதம் தெளிவாகச் சொல்லாதபோது மரபணுவையே பார்க்கலாம். ஈஆர்ஜியின் இரண்டு பக்கமும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் துண்டுகளை ஒட்டவைப்பதுதான் ஃபிஷ் சோதனை. மரபணு முழுதாக இருந்தால் இரண்டு நிறமும் சேர்ந்து தெரியும். உடைந்திருந்தால் பிரிந்து தெரியும், நடுத்துண்டு தொலைந்திருந்தால் ஒரு நிறம் காணாமல் போகும். முக்கியமாக இரண்டு இடங்களில் இது தேவைப்படும்: ஸ்மால் செல் புற்று புராஸ்டேட்டிலிருந்து வந்ததா என்று அறியவும், மூலம் தெரியாமல் எலும்பிலோ கல்லீரலிலோ கண்டுபிடிக்கப்பட்ட புற்றின் பிறப்பிடத்தைத் தேடவும். ஆஞ்சியோசார்கோமா போன்ற ரத்த நாளக் கட்டிகளிலும் ஈஆர்ஜி புரதம் இருக்கும், ஒரு பகுதி யூவிங் சார்கோமாக்களில் இதே மரபணு வேறொன்றோடு இணைந்திருக்கும். எனவே பரவிய கட்டியில் ஈஆர்ஜியை மட்டும் தனியாக வைத்துப் பேசக்கூடாது.

படி 9: சிறுநீர்ச் சோதனைகளைப் பிரித்தறிவது

"ஈஆர்ஜி சிறுநீர்ச் சோதனை" என்று விளம்பரங்களில் வருவது புரதச் சோதனை அல்ல. அவை அளப்பது ஆர்என்ஏ. விரல் பரிசோதனையில் சுரப்பியை அழுத்தியபிறகு வரும் முதல் சிறுநீரில் புராஸ்டேட் செல்கள் கொஞ்சம் கலந்திருக்கும். அவற்றில் இணைவின் ஆர்என்ஏவைத் தேடுவார்கள். 2007-இல் வந்த ஒரு ஆய்வில் இணைவு மட்டும் 37 சதவீதப் புற்றுகளைப் பிடித்தது. பிசிஏ3 என்ற இன்னொரு ஆர்என்ஏவையும் சேர்த்தபோது 73 சதவீதமாக உயர்ந்தது. இந்தச் சேர்க்கைதான் பின்னாளில் மிச்சிகனில் பிஎஸ்ஏ, பிசிஏ3, இணைவு மூன்றையும் கூட்டி ஒரு மதிப்பெண் தரும் சோதனையாக வளர்ந்தது. 2024-இல் அது 18 மரபணுக்களைப் பார்க்கும் வடிவத்துக்கு விரிந்தது. விரல் பரிசோதனை இல்லாமலே, சிறுநீரில் உள்ள எக்ஸோசோம் நுண்பைகளிலிருந்து ஈஆர்ஜி, பிசிஏ3 ஆர்என்ஏக்களை அளக்கும் சோதனையும் உண்டு. இவை பயாப்சி தேவையா என்று முடிவெடுக்க உதவுபவை. பயாப்சியில் ஏற்கெனவே புற்று உறுதியானவருக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை, பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

படி 10: மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, ஆய்வு மாணவர்களுக்கு மட்டும்

ஆன்டிபாடி இல்லாமலே ஈஆர்ஜியை அளக்க முடியும். புரதத்தை டிரிப்சினால் துண்டாக்கி, ஈஆர்ஜிக்கே உரிய பெப்டைடுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் குறிவைத்து எண்ணுவது இந்த முறை. முன்பக்கப் பெப்டைடு இல்லாமல் பின்பக்கப் பெப்டைடு மட்டும் மிகுதியாக இருந்தால், குறைந்த வடிவம் என்று ஊகிக்கலாம். ஈஆர்ஜி மிகக் குறைந்த அளவில் இருப்பதால் முதலில் செறிவாக்கும் படி வேண்டும். பழகத் தொடங்க விசிஏபி செல் வரிசை நல்லது, அதில் இந்த இணைவு இயல்பாகவே உள்ளது. ஒப்பிட பிசி3 செல்லை வைத்துக்கொள்ளலாம், அதில் இல்லை. நோயாளிகளுக்கான வழக்கமான சோதனையாக இது இன்னும் வரவில்லை.

படி 11: வீரியத்தைப் பற்றி இது என்ன சொல்கிறது

நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான். அறுவை செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகளில், ஈஆர்ஜி பாசிட்டிவ் ஆக இருப்பது நோய் திரும்புவதையோ மரணத்தையோ தனியாக முன்னறிவிக்கவில்லை. சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பில் இருந்தவர்களில் நடந்த சில ஆய்வுகள் வேறு மாதிரி சொன்னதும் உண்மை. இன்றைக்கு வீரியத்தை முடிவு செய்பவை கிளீசன் தரம் (மைக்ரோஸ்கோப்பில் புற்றின் அமைப்பைப் பார்த்துத் தரும் மதிப்பெண்), பிஎஸ்ஏ அளவு, பரவலின் நிலை ஆகியவைதான். பிடென் என்ற தடுப்புப் புரதம் தொலைந்திருக்கிறதா என்பது ஈஆர்ஜியை விட இதில் கூடுதலாகப் பேசுகிறது. ஈஆர்ஜி சோதனைக்கு அனுப்பும் பெத்தாலஜிஸ்ட் பிடெனையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது.

மருத்துவரிடம் போகும்போது

நிறமேற்றியது எந்தப் பயாப்சித் துண்டில், எந்தப் பக்கத்தில் என்று கேளுங்கள். ரத்த நாளங்களில் நிறம் வந்ததா என்று கேளுங்கள், ரிப்போர்ட்டில் அது எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஈஆர்ஜி நெகட்டிவ், சந்தேகச் சுரப்பிகள் மட்டும் என்று முடிவு வந்திருந்தால், திரும்பப் பயாப்சி எப்போது என்ற கேள்வியோடு எழுந்திருங்கள்.

இன்னொன்று, திசு கொஞ்சம்தான் இருக்கும். ஒவ்வொரு சோதனைக்கும் பிளாக்கைத் திரும்பத் திரும்பச் சீவினால், அந்த நான்கைந்து சந்தேகச் சுரப்பிகள் சீவலிலேயே தீர்ந்துபோகும். முதல் முறையே நிறமேற்றாத சில ஸ்லைடுகளைக் கூடுதலாகச் சீவி வைக்கும்படி பயாப்சிக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம். நோய் பரவியவர் என்றால் பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களின் சோதனைக்கு முதலில் திசுவை ஒதுக்கச் சொல்லுங்கள். ஓலாபரிப் போன்ற மருந்து கொடுப்பதா என்று தீர்மானிப்பது அந்தச் சோதனைதான். ஈஆர்ஜி மிச்சத்தில் செய்யலாம். பிளாக்கையும் ஸ்லைடுகளையும் இரண்டாவது கருத்துக்காக எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக்கை வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வையுங்கள், மெழுகு உருகினால் உள்ளே இருக்கும் துண்டும் போய்விடும்.